ஆண்டு எழுதி வைத்த கல்

சேன்த்-ரோஸிலிருந்து சேன்-பிலிப்புக்குக் கடலோரமாகப் போகும் நெடுஞ்சாலையின் ஒரு துண்டுக்கு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், லாவாச் சாலை என்றே பெயர். அங்கே சில பலகைகளில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஆண்டு எழுதியிருக்கும். 2002. கொஞ்ச தூரம் போனால் 2004. அப்புறம் 2007. அந்தந்த ஆண்டில் எரிமலை கக்கிய குழம்பு மலையிலிருந்து இறங்கி, சாலையைக் குறுக்கே மூடிக்கொண்டு கடலுக்குப் போன தடம் அது. ஒரு தடத்தில் வெறும் கருங்கல். அடுத்ததில் வெள்ளி பூசினாற்போல ஒரு சாம்பல் படலம். இன்னொன்றில் பெரணியும் புதரும். காரில் போகிறவருக்கு இது ஜன்னலில் ஓடும் காட்சி. இறங்கி நடக்கிறவருக்கு, ஒரு காடு பிறந்து வளர்வதை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி.

நான் இந்தத் தீவின் சேன்-ஆந்த்ரே ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் காரைக்கால் பக்கம். என்னை முதன்முதலில் இந்தச் சாலைக்குக் கூட்டிவந்தவர் கோயிலில் பழக்கமான பெரியவர் ஒருவர். இங்கே மாமாவையும் மாமா வயதுக்காரரையும் தோந்தோன் என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் பேசுவது கிரெயோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி. தமிழ் அவருக்குத் தேவாரமும் காவடிப் பாட்டும்தான். சேன்-பிலிப் பக்கம் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, "இது 1986. நான் இங்கே நின்று பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயது" என்றார். அவர் காட்டிய இடத்தில் தலைக்கு மேல் மரம் நின்றது.

பித்தோன் த லா ஃபூர்னேஸ் உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. உயரம் 2,632 மீட்டர். இங்கே யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, 'வொல்கான்' என்றால் அதுதான். குழம்பு பெரும்பாலும் அதன் பெரிய குழிக்குள்ளேயே அடங்கிவிடும். எப்போதாவது கிழக்குச் சரிவான கிரான் புருலே வழியாகக் கடல் வரை வரும். அந்த எல்லையையும் தாண்டி ஊருக்குள் வருவது அபூர்வம். 1977-ல் வந்தது, பித்தோன் சேன்த்-ரோஸ் கிராமத்தில் மாதா கோயில் வாசலில் வந்து நின்றது. 1986-ல் தோந்தோன் பார்த்தது இன்னொன்று. அது கடலுக்குள் புகுந்து தீவுக்குப் புது நிலமே சேர்த்தது.

தாவரவியல்காரர்களுக்கு இந்தத் தீவு ஒரு வரம். ஒரு காடு வெறும் பாறையிலிருந்து முழுதாக வளர ஐந்நூறு ஆண்டு ஆகும் என்றால், அதை உட்கார்ந்து பார்க்க எவருக்கும் ஆயுள் போதாது. ஆனால் ஐந்து வயதுப் பாறை, நாற்பது வயதுப் பாறை, இருநூறு வயதுப் பாறை, நானூறு வயதுப் பாறை என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்? கல் ஒன்றே, மழை ஒன்றே, சரிவும் ஏறக்குறைய ஒன்றே; வயது மட்டும் வேறு. நடந்தால் போதும், காலத்தில் பயணம் செய்த கணக்கு. நம் பாடப் புத்தகங்கள் 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்று சொல்வதை இப்படிப் படிப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. நானூறு வயதுப் பாறை தன் இளமையில் இன்றைய நாற்பது வயதுப் பாறையைப் போலத்தான் இருந்தது என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம். அதே விருந்தாளிகள் அதே வரிசையில் வந்திருந்தால்தான் அது சரி.

முதலில் வருகிறவர்களைப் பார்ப்போம். 2007 ஏப்ரலில் வந்த குழம்பு, இந்த எரிமலையின் அண்மைக் கால வரலாற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று. உச்சியில் இருந்த தொலோமியூ பள்ளத்தின் தரை அப்போது 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிப்போனது. கீழே சாலையோரத்தில் குழம்பு அவ்வளவு தடிமனாகக் குவிந்ததால், பல ஆண்டு கழித்தும் மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி கிளம்பும். அப்படிச் சூடு ஆறாத கல்லிலும், ஆறிய ஓரமாகப் பார்த்து, லைக்கன் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளி பூசின மாதிரி என்றேனே, அது இதுதான்: ஸ்டீரியோகாலோன் என்ற இனம். கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் சின்னச் சின்னப் பவளக் கொத்துபோல, விரல் நகத்தளவு உயரத்தில், தொட்டால் மொறமொறவென்று இருக்கும். மழை நேரத்தில் தொட்டால் பஞ்சு. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம்.

இந்தக் குடித்தனத்தில் மூன்றாவதாக ஓர் ஆளும் உண்டு. புதிய எரிமலைக் கல்லில் சுண்ணாம்பு, இரும்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் இருக்கும். நைட்ரஜன் மட்டும் இருக்காது. அது காற்றில் கொட்டிக் கிடந்தாலும் செடி அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டீரியோகாலோனின் உடம்பில் சிறு முடிச்சுகளில் நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தருவது அது. தெளிக்காமல், விதைக்காமல், பாறைக்கு முதல் எரு.

அடுத்தது பெரணி. வித்துகள் தூசியைவிட மெலிதானவை, காற்றில் வந்து விழும். ஆனால் எங்கே விழுந்தாலும் முளைத்துவிடாது. இங்கே குழம்பு இரண்டு மாதிரி உறையும். ஒன்று கயிறு திரித்தாற்போல வழவழப்பாக. மற்றது உடைந்த கரித்துண்டுகளைக் கொட்டியது மாதிரி கரடுமுரடாக. இதைக் கிரெயோலில் 'கிராத்தோன்' என்பார்கள். செருப்புக் காலோடு நடந்தால் செருப்பு கிழியும். வழவழப்பில் நடுவே எதுவும் இல்லை. வெடிப்புகளில் மட்டும் கோடு கிழித்தாற்போலப் பெரணி வரிசையாக நிற்கிறது. தூசியும் நீரும் இலைச்சருகும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. 1986 தடத்தில் ஒரு வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு கணு ஆழத்துக்கு ஈரமான கறுப்பு மண். நாற்பது ஆண்டுச் சம்பாத்தியம் அவ்வளவுதான். அந்த ஒரு கணு மண்ணில் வேர்விட்டு 'புவா த ரம்பார்' என்ற சிறுமரம் நிற்கிறது. அதன் விதை பொடிப்பொடியாக இருப்பதால் காற்றே கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு வேகமும் கிழக்குச் சரிவின் மழையால் வந்தது. 1966 ஜனவரியில் இந்த எரிமலையின் தோளில் இருக்கும் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது, உலக சாதனை. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அதே எரிமலையின் மேல்பகுதியில் 2,200 மீட்டருக்கு மேலே போங்கள், குளிரும் காற்றும் மெல்லிய மண்ணும் சேர்ந்து எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். கீழே மரம் நிற்கும் வயதில் மேலே இன்னும் வெறும் கல்லாக இருக்கும். பாறையின் வயதை மட்டும் கேட்டு அங்கே என்ன வளர்ந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சரி, இந்த வரிசை எதனால்? அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் 1916-ல் சொன்ன விளக்கம்தான் நெடுங்காலம் கோலோச்சியது. காடு என்பது ஓர் உடம்பு மாதிரி. குழந்தை, வாலிபம், முதுமை என்று வகுத்த பாதையில் வளர்ந்து கடைசியில் ஓர் உச்ச நிலையில் நிற்கும் என்றார். பத்தாண்டு கழித்து, 1926-ல், ஹென்றி கிளீசன் அதை மறுத்தார். உடம்பும் இல்லை, பாதையும் இல்லை. ஒவ்வொரு செடியும் தன் விதை எங்கே போய் விழுந்ததோ அங்கே, அந்த இடம் ஒத்துக்கொண்டால் பிழைக்கிறது, நாம் வெளியே நின்று பார்த்துக் 'காடு' என்று பெயர் வைக்கிறோம் என்றார். பல ஆண்டுகள் அவரைச் சீந்துவாரில்லை. (முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று வகுத்தவர்கள் நம்மவர்கள். நிலத்தின் குணம் மாறக்கூடியது என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. ஆனால் மாறியது திரும்புமா, யார் வந்து திருப்புவார்கள் என்பது வேறு கேள்வி.)

எனக்குப் பிடித்தது கான்னெல், ஸ்லாட்டயர் என்ற இரண்டு சூழலியலாளர்கள் சொன்னது. மாதா கோயில் வாசலில் லாவா வந்து நின்ற அதே 1977-ல் வந்த கட்டுரை. முதலில் வந்தவர் பின்னால் வருபவருக்கு என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டார்கள். மூன்று விடை. நம்மூர்ப் பேருந்தை நினைத்துக்கொண்டால் போதும். சிலர் நகர்ந்து உட்கார்ந்து அடுத்தவருக்கு இடம் செய்து கொடுப்பார்கள். லைக்கன் பெரணிக்குச் செய்தது அது. சிலர் யாரையும் பொருட்படுத்த மாட்டார்கள், நின்றுகொண்டே வருவார்கள், மற்றவர்கள் இறங்கியதும் உட்கார்ந்துவிடுவார்கள். நிழலில் சிறுகன்றாகவே பல ஆண்டு காத்துக்கிடக்கும் மரங்கள் இந்த ரகம். இன்னும் சிலர் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு அசையவே மாட்டார்கள். இந்த மூன்றாவது ஆளை லாவாவில் பார்க்க வேண்டுமானால் கடற்கரைப் பக்கம் இறங்கினால் போதும். அவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். சவுக்கு.

இங்கே 'ஃபிலாவோ' என்கிறார்கள். கடற்கரை மணலைப் பிடித்து நிறுத்த நட்டது, தன் இறகு விதையைக் காற்றில் விட்டு லாவாவிலும் ஏறிக்கொண்டது. இதன் வேரிலும் நைட்ரஜன் பிடிக்கும் நுண்ணுயிர் உண்டு. எருவில்லாத கல் இதற்கு ஒரு குறையே இல்லை. கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் விளையாடியவர்களுக்குத் தெரியும், கீழே மெத்தை போல ஊசிச்சருகு கிடக்கும், வேறு எதுவும் கிடக்காது. அதே மெத்தைதான் இங்கேயும். பெரணிக்கும் புதருக்கும் கிடைத்திருக்க வேண்டிய வெடிப்புகளைச் சருகு மூடிவிடுகிறது.

இன்னும் தெற்கே, சேன்-பிலிப் பக்கம், மார் லோங் காடு இருக்கிறது. சில நூறு ஆண்டுக்கு முன் ஓடிய குழம்பின் மேல் நிற்கும் தாழ்நில மழைக்காடு. தீவின் மழை பெய்யும் கரையோரங்களில் ஒரு காலத்தில் நீண்டு கிடந்ததில் மிஞ்சிய துண்டு. மற்றதெல்லாம் கரும்பாகவும் ஊராகவும் ஆகிவிட்டது. கரும்பாக்கியதில் நம்மவர் கையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வெட்டிய காட்டில்தான் ஆலைகளுக்குக் கரும்பு விளைந்தது; வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு, வெட்டியவர்கள் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மார் லோங்கில் நுழைந்ததும் காலடியில் இன்னும் கரிய கல் தெரிகிறது. மண் மெலிது. வேர்கள் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. புயலைத் தாங்கிப் பழகிய மரங்கள், ரொம்ப உயரமில்லை, ஆனால் உருண்டு திரண்டவை. பெயர்ப்பலகைகளைப் படித்தபோது எனக்கு ஊருக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. இங்கே 'தக்கமக்கா' என்பது புன்னையின் பேரினம். 'கிரான் நாத்' என்பது மகிழமரத்தின் பேரினம். 'பெத்தி நாத்', இலுப்பைக் குடும்பம். நெய்தல் நிலத்து மரமும் கோயில் பிராகாரத்து மரமும் இந்தியப் பெருங்கடலின் மறுமூலையில் எரிமலைக் கல்மேல் உறவு கொண்டாடுகின்றன. நாத் கன்றுகளையும் வளர்ந்த மரத்தையும் சேர்த்துப் பார்த்தேன், இலை வேறு மாதிரி. இந்தத் தீவுகளின் பல மரங்களுக்கு இந்த வழக்கம் உண்டு. சிறுவயதில் ஓர் இலை, உயர்ந்தபின் வேறு இலை. ஆமை வாய்க்கு எட்டும் உயரம் வரை வேஷம் போடுகின்றன என்பது ஒரு விளக்கம்.

அந்த ஆமைகள் இப்போது இல்லை.

சிக்கல் ஒளிந்திருக்கிறது என்றேனே, அது இங்கேதான். புவா த ரம்பார் காற்றில் வரும்; பெரணியும் அப்படியே. ஆனால் தக்கமக்காவும் நாத்தும் சதைப்பற்றுள்ள பழத்துக்குள் பெரிய கொட்டை வைப்பவை. அது மலைமேல் ஏறி, ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் போக, விழுங்கிச் சுமக்க ஒரு வயிறு வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மனிதர் குடியேறும் வரை இங்கே அந்த வயிறுகளுக்குப் பஞ்சமில்லை. இராட்சத ஆமை, பழந்தின்னி வௌவாலில் இரண்டு இனம், கிளி, புறா. ஆமைகளை மாலுமிகள் உயிரோடு கப்பலில் அடுக்கி மாதக்கணக்கில் இறைச்சிக்கு வைத்துக்கொண்டார்கள். எலியும் பூனையும் பன்றியும் மற்றதைப் பார்த்துக்கொண்டன. இருநூறு ஆண்டுக்குள் பெரிய பழந்தின்னிகள் அத்தனையும் தீர்ந்தன. உள்ளூர்ப் பறவைகளில் பழம் தின்ன மிஞ்சியது 'மேர்ல் பேயி' என்ற சின்னான் இனம். அதன் வாய்க்குள் நாத் கொட்டை நுழையாது.

ரீயூனியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு வயது லாவாத் தடங்களில் எந்த மரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து 2020-ல் வெளியிட்டார்கள். மனிதர் வருவதற்கு முன் உறைந்த தடங்களில் பெரிய கொட்டை மரங்கள் இருக்கின்றன. வந்த பிறகு உறைந்தவற்றில், வயது ஏற ஏற வந்திருக்க வேண்டியவை, ஏறக்குறைய வரவே இல்லை. கல் அதே கல். மழை அதே மழை. பக்கத்திலேயே பழைய காடு பழுத்துக் கொட்டுகிறது. பழம் தாய்மரத்தடியில் விழுந்து அங்கேயே அழுகுகிறது. அப்படியானால் மார் லோங்கைக் காட்டி, "1986 தடமும் ஒருநாள் இப்படி ஆகும்" என்று சொல்ல முடியாது. ஆகாது. வேறு எதாவது ஆகும்.

அந்த வேறு என்ன என்பது ஓரளவு இப்போதே தெரிகிறது. இங்கே தோட்டங்களில் பாடும் 'மேர்ல் மொரீஸ்' நமக்குக் கொண்டைக்குருவி, செம்மீசைச் சின்னான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். 1972-ல் அங்கிருந்து இங்கே வந்தது. இதற்கும் பழம்தான் சாப்பாடு, வாயும் சின்னதுதான். அதற்குத் தோதான பழம் பிரேசிலிலிருந்து வந்த 'கோயாவ்யே', சிவப்பாக நெல்லிக்காய் அளவில் இருக்கும் குட்டிக் கொய்யா. புயல் ஒரு மரத்தைச் சாய்த்து வெளிச்சம் விழும் இடத்திலெல்லாம் குச்சிக் குச்சியாக இது நெருக்கி வளர்ந்து, வேறு கன்றுக்கு இடம் விடாது. ஆனால் கோயாவ்யேக்கு எதிராக யாரிடமும் பேசிப் பாருங்கள்! பிளேன்-தே-பால்மிஸ்தில் அதற்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். ஜாம் செய்கிறார்கள். தோந்தோன் பை நிறையப் பறித்துவந்து என் வீட்டில் கொடுப்பார். நானும் வாங்கிக்கொள்வேன்.

களை எடுப்பதும் அவ்வளவு லேசில்லை. தென்கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு முள்கொடி, இங்கே 'வீஞ் மரோன்', காட்டையே போர்த்திக்கொண்டிருந்தது. அதைத் தின்ன 2008-ல் சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த பூச்சி ஒன்றை விட்டார்கள். தாழ்வான இடங்களில் கொடி கருகிப்போனது. ஆய்வுக் கணக்கில் வெற்றி. தேனீ வளர்ப்பவர்கள் அந்த 'நீல ஈ' மேல் பழி சொல்லி ஊர்வலம் போனார்கள். கொடி விட்டுப்போன இடத்தில் சில இடங்களில் உள்ளூர்ச் செடி வந்தது, சில இடங்களில் இன்னொரு வெளியூர்ச் செடி துண்டு போட்டுவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்த செடிவகைகள் இங்கே 2,000-க்கும் மேல். அதில் பெரும்பாலானவை தோட்டத்தை விட்டு வெளியே வருவதில்லை, ஒரு சிலவே இப்படி.

இந்த இடத்தில் சிலர், "நாங்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே" என்று சிரிப்பார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. மனிதக் குடியேற்றத்தைக் களைச்செடியோடு சேர்த்துப் பேசியவர்கள் எதற்காகப் பேசினார்கள் என்பது ஊரறிந்தது. செடியின் கணக்கு பழம், வாய், விதை, வெளிச்சம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளியிலிருந்து வந்ததாலேயே ஒரு செடி கெட்டது என்றும் இல்லை. மேட்டுநிலத்தில் 'தமரேன் தே ஓ' என்று ஒரு வேல மரம், தீவின் பெருமை, இதன் பலகையில்தான் நல்ல மேசை நாற்காலி செய்வார்கள். அதன் மரபணுவைப் பார்த்தபோது அது ஹவாயின் கோவா மரத்திலிருந்து வந்தது என்று 2014-ல் தெரிந்தது. ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர். மனிதன் பிறந்த பிறகு நடந்த பயணம் இல்லை. கிளீசன் உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வௌவால் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. இங்கே அழிந்துபோன கரிய பழந்தின்னி வௌவால் மொரீஷியஸில் மிஞ்சியிருந்தது. அதில் ஒரு சிறு கூட்டம் தானாகவே கடல் தாண்டிப் பறந்து வந்து கிழக்குப் பகுதியில் தங்கிவிட்டது. இன்னும் சொற்பம்தான். லிச்சித் தோப்புக்காரர்களுக்கு இப்போதே வயிற்றில் புளி கரைகிறது; மொரீஷியஸில் 2015-ல் அரசே ஆளை விட்டு வௌவால்களைச் சுட்ட கதை அவர்களுக்கும் தெரியும். அதே மொரீஷியஸில் வேறொரு சோதனையும் நடந்தது. எக்ரேத் என்ற குட்டித் தீவில் சேஷெல்ஸின் அல்தாப்ராத் தீவிலிருந்து கொண்டுவந்த இராட்சத ஆமைகளை விட்டார்கள். அங்கே உள்ளூர்க் கருங்காலி மரத்தின் பழத்தை ஆமை தின்று, விதையைக் கழித்த இடங்களில் கன்றுகள் கிளம்பின. ஆமையின் குடல் வழியே போன விதை நன்றாகவே முளைத்தது. செத்துப்போன ஆமை வேறு இனம், வந்த ஆமை வேறு இனம். மரம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரீயூனியனின் மேற்குப் பக்கத்து வறண்ட காட்டுக்கு இப்படி யாரும் வரவில்லை, மனிதர்கள்தான் வர வேண்டியிருந்தது. சேன்-தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவே கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கு. 1860-களில் கப்பலிலிருந்து இறங்கிய கூலிகளை நோய்க்குப் பயந்து தனியே அடைத்துவைத்த லாசரே இங்கேதான். சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சரிவுகளில் வறண்ட காட்டின் கடைசித் துண்டுகள் தங்கியிருந்தன. 2009-ல் தொடங்கி அங்கே களையெடுத்து, நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர் மரங்களை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். அதில் 'பேன்ஸ்வேன்' என்பது கடுக்காய், மருது இனம். 'லத்தானியே' என்பது பனைக்கு நெருங்கிய சொந்தம். விசிறி ஓலை, இளசில் காம்பும் நரம்பும் சிவப்பு, காய் கைக்குள் அடங்கும் உருண்டை.

லாசரேயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில் முதிர்ந்த லத்தானியே ஒன்று நின்றது. பழங்கள் அடியிலேயே குவிந்து கிடந்தன, உருண்டவை சாலையோரச் சாக்கடையில். உருண்டால் கீழேதானே போகும். தோந்தோன் வீட்டுக்காரரைக் கேட்டு இரண்டு பழங்களைப் பொறுக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். சேன்-ஆந்த்ரேயில், அவர் வீட்டுக் கொல்லையில், முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஒன்றைப் புதைத்தார். மற்றதை நான் எடுத்துவந்தேன்.